முதுகுவலி இல்லாத கடை

எங்கள் கடையில் உட்காருவதற்கும் படுப்பதற்கும் உள்ள சாமான்களைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நுழைந்ததும் சோபாக்கள், அவற்றைத் தாண்டினால் சாய்வு நாற்காலிகள், மாடி ஏறினால் அலுவலக நாற்காலிகள், கடைக்கோடியில் கட்டில்கள். இத்தனைக்கும் நடுவில், காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து சாயங்காலம் அது இறங்கும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். வேலை செய்கிறவர்கள் எதன்மேலும் உட்காரக் கூடாது. முதலாளியின் அப்பா போட்ட சட்டம். "விக்கிறவன் உட்கார்ந்தா, வாங்க வந்தவன் நின்னு பார்த்துட்டுப் போயிடுவான்" என்று அந்தப் புண்ணியவான் சொன்னதைப் பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அப்பன் வெட்டிய கிணறு என்று உப்புத் தண்ணீரைக் குடிக்கிற குடும்பம் அது. முதலாளியே தன் கண்ணாடி அறைக்குள் வேறெங்கோ வாங்கி வந்த பிளாஸ்டிக் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பார். சொந்தச் சரக்கில் உட்கார்ந்தால் பளபளப்புப் போய்விடுமாம்.

நான் மாடியில், அலுவலக நாற்காலிப் பிரிவு. "இதுல உட்கார்ந்து பாருங்க சார், முதுகுவலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோயிடும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவேன். நான் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். சில பேர் விவரமானவர்கள். "நாற்காலி அவ்வளவு நல்லதுன்னா, நீங்க ஏம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். "இது எங்க கடை யூனிபார்ம் மாதிரி மேடம், எல்லாரும் இப்படித்தான் நிப்போம்" என்று சிரித்து மழுப்புவேன். மழுப்பினாலும் உண்மை அதுதான். கட்டில் பிரிவில் இருக்கிற கட்டில்காரர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் மெத்தைகளைப் பற்றிப் பேசுவார்.

ஒருத்தி மட்டும் இடுப்பில் கை வைத்து யாரும் பார்த்ததில்லை. அவள் என் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. கடை முழுவதற்கும் மேற்பார்வை அவள்தான். கடையில் அவளுக்குக் கம்பம் என்று பெயர். அவ்வளவு நேராக நிற்பாள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான், வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு ஸ்டூல் நுனியில் நான் பாதி உட்கார்ந்ததற்கு எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியவளும் அவள்தான். "வீட்லதான் நீ என் தம்பி பொண்டாட்டி. இங்க நீ அலுவலக நாற்காலி" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆமாம், அண்ணி எங்களோடுதான் இருக்கிறாள். அவளுடைய கல்யாணம் கொஞ்ச நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். தம்பி வீட்டுக்கு வந்தவள் வந்த மறுவாரமே வேலை தேடிக்கொண்டாள். "தம்பி வீட்ல தண்டச்சோறு திங்கிறான்னு ஒரு நாக்கு சொல்லக் கூடாது" என்பது அவளுக்கு மந்திரம் மாதிரி. யாரும் சொல்லவில்லை, யாரும் நினைக்கவும் இல்லை. ஆனாலும் யாரோ சொல்லிவிட்ட மாதிரியே சண்டைக்கு நிற்பாள்.

வீட்டிலும் அவள் உட்கார மாட்டாள். சமையல் மேடையில் சாய்ந்தபடியே சாப்பிடுவாள், ஜன்னல் ஓரம் நின்றபடியே டிவி பார்ப்பாள், பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பகல் பூரா நிக்கிறவ ராத்திரி உட்கார்ந்தா பழக்கம் கெட்டுடும்" என்பாள். எங்கள் வீட்டு நாற்காலி அவளுக்கு மட்டமாகப் படுகிறதோ என்று எனக்குள் ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனால், கீழே சோப்பு கிடக்கிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அதை எடுத்துக் குடு."

"கையில வாதமா? குனிஞ்சு எடுக்க வேண்டியதுதானே அண்ணி?"

"குனிஞ்சா நிமிர முடியாதுடி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. நிக்கிறதொண்ணுதான் இன்னும் ஒழுங்கா வருது. கடையில யார்கிட்டயாவது சொன்னே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துடுவேன்" என்றாள்.

அவள் விறைப்பாக நின்றதெல்லாம் திமிர் இல்லை, வேறு வழி இல்லை. போன மழைக்காலத்தில் சோபாப் பிரிவில் இருந்த பெரியவர், முதுகு பிடித்துக்கொண்டது என்று வாய் தவறிச் சொன்னார். "நிக்க முடியாதவங்க வீட்ல போய் உட்காருங்க" என்று முதலாளி அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார். போகும்போது அந்த மனிதருக்குப் பரிசாகக் கொடுத்ததும் ஒரு நாற்காலிதான். அண்ணிக்கு அந்த நாற்காலிதான் பயம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. டாக்டர் ஓய்வு என்பார், ஓய்வு என்றால் வேலை போச்சு, வேலை போனால் தண்டச்சோறு.

இந்த நேரத்தில்தான் இன்சோல்காரர் வந்து சேர்ந்தார்.

மாடிப்படியை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி ஏறி வந்தார். வந்ததும் என் பிரிவில் உள்ள நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் "ஐயோ அம்மா" என்றார். ஷூவுக்குள் போடுகிற மெத்தையை, அதுதான் இன்சோல், அதைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்கிறவராம். காலையிலிருந்து காரிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டதாம். அவர் பையிலிருந்து ஒரு விளம்பரத் தாள் நழுவி விழுந்தது. "முதுகுவலிக்கு முற்றுப்புள்ளி, பாதத்திலிருந்தே" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார்.

"உங்க இன்சோல் முதுகுவலியைப் போக்கும்னா, உங்களுக்கு எப்படி சார் முதுகுவலி?" என்று முதலாளி கேட்டார்.

"நான்தான் நடக்கிறதே இல்லையே சார். கால்ல போட்டுக்கிட்டு கார்ல உட்கார்ந்திருந்தா அது பாவம் என்ன பண்ணும்?" என்றார் இன்சோல்காரர். பிறகு சுற்றிலும் எங்களைப் பார்த்தார். "உங்க நாற்காலி முதுகுவலியைப் போக்கும்னா, உங்க ஆளுங்க ஏன் சார் எல்லாரும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க?"

"அவங்கதான் உட்கார்றதே இல்லையே" என்றார் முதலாளி.

இரண்டு பேருக்கும் பதில் முழு திருப்தி. எனக்குத்தான் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கேயே கைகுலுக்கி, மாடியில் உள்ளதிலேயே உயர்ந்த நாற்காலி ஒன்று அவருக்கு, கடையில் உள்ள எங்கள் எல்லாருக்கும் இன்சோல் என்று பண்டமாற்று முடிந்தது. அவர் வலிக்கு எங்கள் மருந்து, எங்கள் வலிக்கு அவர் மருந்து. எங்களை ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தால் இத்தனை அலைச்சலே கிடையாது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் பித்தளைத் தகடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் அவர் ஒரு பெட்டியில் மெதுமெதுவென்று நுரைப் பலகைகளைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பலகையில் ஏறி நிற்க வேண்டும், பாதம் பதிகிற பள்ளத்தைப் பார்த்து அவர் ஜாதகம் சொல்லுவார். கட்டில்காரருக்குத் தட்டைப் பாதம். "உங்க இடது கால் கொஞ்சம் சோம்பேறிம்மா, வலது காலே எல்லா வேலையும் பார்க்குது" என்று என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டு நிலவரம் என் காலுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி நின்று இறங்கிய பலகையை மட்டும் அவர் நெடுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழமா நின்ன ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றார். அண்ணிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

இன்சோல் எல்லார் ஷூவுக்குள்ளும் ஏறியது. முதலாளி எங்களைச் சோபாக்களுக்கு நடுவில் வரிசையாக நிற்கவைத்து ஒரு அறிவிப்புச் செய்தார். "திங்கட்கிழமையிலேருந்து நம்ம கடையில முதுகுவலி கிடையாது. மருந்து குடுத்தாச்சு. இதுக்கு மேலயும் யாருக்காவது வலிச்சா, ஒண்ணு அவங்க இன்சோலைச் சரியாப் போடலை, இல்ல பொய் சொல்றாங்க. ரெண்டுமே கடைக்கு ஆகாது."

அதற்குப் பிறகு நடந்த கூத்து இருக்கிறதே! காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முதலாளி மாடிக்கும் கீழுக்கும் நடப்பார். "வலி?" என்பார். "இல்லை முதலாளி!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் கத்த வேண்டும். பழக்கத்தில் யார் கையாவது இடுப்புக்குப் போனால், "அங்க என்ன கை?" என்று பாய்வார். அதனால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினோம். கடைக்குள் வருகிறவர்கள் ஏதோ துக்கம் விசாரிக்கிற இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இன்சோல் ஒன்றும் மோசமில்லை. சாயங்காலம் குதிகாலில் வருகிற எரிச்சல் எனக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் முதுகு கேட்க வேண்டுமே! காலுக்குச் செய்த உபசாரம் அவ்வளவு தூரம் ஏறி மேலே போய்ச் சேரவில்லை. கட்டில்காரருக்கு மட்டும் நிஜமாகவே முதுகுவலி போய்விட்டது என்று ஒரே கொண்டாட்டம். விசாரித்தால், இன்சோல் போட்டதில் ஷூ இறுகிப் பெருவிரல் இரண்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம். "அந்த வலியில முதுகு ஞாபகமே வரலை, பிரமாதமான சாமான்" என்றார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு நன்றி சொன்ன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணிதான் இன்சோலை நம்பிவிட்டாள். நம்பியே ஆக வேண்டிய கட்டாயம் அவளுக்கு. முதல் வாரம் ஒன்று போட்டாள். வலி போகவில்லை. ஒன்று போதவில்லை போல என்று என்னுடையதைப் பிடுங்கித் தன்னுடையதன்மேல் வைத்தாள். அடுத்து கட்டில்காரரிடம் கேட்டு வாங்கினாள். அவர் பெருவிரலைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷத்தில் உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார், பாவம், மறுநாளே அவர் கை இடுப்புக்குப் போய்விட்டது. மூன்று அடுக்கு இன்சோலில் அண்ணி வளர்ந்துவிட்டாள். குதிகால் ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஷூ கழன்று கழன்று மாட்டும், அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எந்தத் தளத்தில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

"அண்ணி, நீங்க கால்ல மெத்தையை அடுக்கிக்கிட்டே போனா கூரையில தலை இடிக்குமே தவிர முதுகு சரியாகாது" என்று வீட்டில் சொன்னேன்.

"நேத்தைக்கு இன்னிக்கு தேவலை."

"எங்க தேவலை? ராத்திரி கட்டில்ல புரண்டு புரண்டு நீங்க எந்திரிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது."

"காதை மூடிட்டுத் தூங்கு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. வலியா, என்மேல் கோபமா என்று தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க அவளிடம் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் இன்சோல்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை குதித்துக் குதித்து மாடிப்படி ஏறினார். முதுகுவலி சுத்தமாகப் போய்விட்டதாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எங்க நாற்காலி!" என்றார். நான் சும்மா இருக்காமல், "தினம் எவ்வளவு நேரம் சார் உட்கார்றீங்க?" என்று கேட்டேன். நாற்காலியைக் கொண்டுபோன அன்றே அவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டார்களாம், அவர் வீட்டில் நிற்கிறாராம். முதலாளி என்னை முறைத்தார்.

இன்சோல்காரர் தனியாக வரவில்லை. அவருடைய கம்பெனியின் மேலாளர் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போகிறது, ஒரு தளம் முழுக்க நாற்காலி வேண்டும். அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. வாய்ப்பேச்சில் மயங்குகிற ரகம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் ஒப்பித்ததையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டு, "எங்க இன்சோலைப் போட்டு இவங்க நிக்கிறதைப் பார்த்துட்டேன். உங்க நாற்காலியில யாராவது உட்கார்றதையும் பார்க்கணும்" என்றார்.

"நீங்களே உட்காருங்க மேடம்."

"நான் உட்கார்ந்தா எனக்கு எப்படித் தெரியும்? உட்கார்றவங்க முகத்தைப் பார்க்கணும். தினமும் நிக்கிற ஆளா இருந்தா நல்லது."

முதலாளி சுவரில் இருந்த பித்தளைத் தகட்டை ஒரு தடவை பார்த்தார். ஒரு தளம் முழுக்க நாற்காலி என்பதையும் யோசித்திருப்பார். அப்பா தோற்றுப்போனார். "நம்ம கம்பத்தைக் கூப்பிடுங்க" என்றார். படியில் ஷூ கழன்று மாட்டுகிற சத்தம் ஏறி வருவது கேட்டது.

"முதலாளி, நான் உட்கார்றேன்" என்றேன்.

"உனக்கு வாய் ஜாஸ்தி. அவங்கதான் சரி, சீனியர்."

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்குப் பழக்கம் இல்ல முதலாளி" என்றாள். "இத்தனை வருஷம் நின்ன ஆளு, நீங்க உட்கார்ந்தாதான் மதிப்பு. உட்காருங்கம்மா" என்றார் முதலாளி. கடை நாற்காலியில் 'உட்காருங்க' என்று அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன், அதுவும் உட்காரவே கூடாத ஒரே ஆளிடம்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தாள், மெதுவாக, மிக மெதுவாக இறங்கினாள். இறங்கி முடித்து முதுகைச் சாய்த்தாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்லுவேன்? நெற்றியில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஷூ இரண்டும் தானாகக் கழன்று விழ, மூன்று மூன்றாக இன்சோல்கள் தரையில் சரிந்தன.

"மூணு ஜோடி! எங்க சாமான் அவ்வளவு பிடிச்சிருக்கா!" என்று மேலாளர் அம்மா பூரித்துப்போனார். அண்ணியின் முகத்தைக் குனிந்து பார்த்து, "நாற்காலியும் நல்லாத்தான் இருக்கு. சரி, எந்திரிங்கம்மா" என்றார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

கைப்பிடியை அழுத்தினாள். தோள்கள் நடுங்கின. இடுப்பு நகரவே இல்லை. முதலாளியின் புருவம் உயர ஆரம்பித்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நிராதரவாகப் பார்த்தாள், என் ஜென்மத்தில் அவள் அப்படிப் பார்த்து நான் அறியேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் இப்போது உதவாவிட்டால் எப்போது உதவும்?

"பார்த்தீங்களா மேடம்!" என்று நான் நடுவில் போய் நின்றேன். "எந்திரிக்க மனசே வரலை! நாள் பூரா நின்னாலும் அசராத ஆளு. உங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் உட்கார்ந்து வேலை பார்ப்பாங்க. காபிக்குக்கூட எந்திரிக்க மாட்டாங்க!"

மேலாளர் அம்மா என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "இதே நாற்காலி, தளம் முழுக்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். இன்சோல்காரர் இன்சோல்களைப் பொறுக்கி அண்ணி மடியில் மரியாதையாக வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

அவர்கள் கார் கிளம்பியதும் முதலாளி திரும்பி வந்தார். "போதும், எந்திரிங்க."

"முடியலை முதலாளி" என்றாள் அண்ணி. சொல்லியே விட்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

"இன்சோல் போட்டும் வலியா?" என்று கேட்ட முதலாளி பதிலையும் தானே சொல்லிவிட்டார். "இன்சோல்மேல தப்பில்லை. நின்னுக்கிட்டிருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க? உட்கார்ந்தாங்க, வலி வந்துடுச்சு. எங்க அப்பா சும்மாவா சொன்னாரு? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நிக்க முடிஞ்சா வரட்டும்."

"நிக்க முடியாட்டி?"

அவர் தன் பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பித்தளைத் தகட்டைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அது உயரத்தில் இருந்தது.

அண்ணியைத் தூக்கினால் "ஐயோ" என்று கத்துகிறாள். நாற்காலியோடு தூக்கினால் சத்தம் இல்லை. கடையின் டெலிவரி ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் வேலையில் அவர்களுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். நாற்காலிக் கால்களில் அட்டையைச் சுற்றினார்கள், கைப்பிடிகளில் குமிழி பிளாஸ்டிக்கைச் சுற்றினார்கள், சுற்றிய வேகத்தில் அண்ணியின் முழங்கைகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டார்கள். முதுகுப் பக்கம் 'கவனமாகக் கையாளவும்' என்று ஸ்டிக்கர். கடையை விட்டு நாற்காலி வெளியே போகிறது என்றால் டெலிவரி சீட்டு போட்டே ஆக வேண்டும் என்று சீட்டும் போட்டார்கள். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். நானும் பின்னாலேயே ஏறி நின்றுகொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்கப்பா" என்றேன்.

"சீட்டுல வீட்டு அட்ரஸ்தான் இருக்கு அக்கா. வேற எடத்துல இறக்கினா எங்களைத் தொலைச்சுடுவாங்க" என்றான் மூத்தவன். அண்ணியும் "வீட்டுக்கே போகட்டும்" என்றாள். ஆஸ்பத்திரி இருக்கும், நாளைக்குத் தூக்கிக்கொண்டாவது போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

வண்டி ஆடி ஆடிப் போனது. தெருவில் போகிறவர்கள் கயிறு கட்டிய அண்ணியை வேடிக்கை பார்த்தார்கள். "நாற்காலி எப்படி அண்ணி இருக்கு?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நடு முதுகுல ஏதோ ஒரு கம்பி குத்துது."

"ஐயையோ, இதையா நான் இத்தனை வருஷமா சொர்க்கம்னு விக்கிறேன்?"

"வாயை மூடு. நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கடைசியில தண்டச்சோறு ஆயிட்டேன்டி."

"யாருக்கு தண்டம்? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. நீங்க இல்லாட்டி அந்த வீட்ல நான் யார்கூட சண்டை போடுவேன்?" என்று கத்தினேன். அவள் கையைப் பிடிக்கப் பார்த்தேன், குமிழி பிளாஸ்டிக்தான் அகப்பட்டது. அதையே பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர். ஒரு கமா தப்பாக இருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாசலில் டெலிவரி வண்டி நின்றதும் வெளியே வந்தார். வண்டியில் இருந்த அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் மூத்தவன் சீட்டை நீட்டிவிட்டான்.

"கையெழுத்து போடுங்க சார். போட்டாதான் இறக்க முடியும்."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, சீட்டை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் அப்படித்தான், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இதுல ரெண்டு கட்டம் இருக்கே. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்', 'சேதத்துடன் பெற்றுக்கொண்டேன்'" என்றார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வெளுத்த முகம், கலைந்த தலை, கயிறு. "நல்ல நிலையில்னு எப்படிப் போடுறது?"

"அப்ப சேதம்னு போடுங்க சார்."

"போட்டா?"

"திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம். சேதமான சரக்கை வீட்ல விட்டுட்டு வரக் கூடாதுன்னு ரூல்."

வண்டிமேல் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்கப் பயந்த வார்த்தையை யாரோ சொல்லப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தாள். என் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். ஒரு பிழையைக்கூடத் தாண்டிப் போகத் தெரியாத மனுஷன், 'நல்ல நிலையில்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டார். கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார்.

"எங்க அக்கா இது. திருப்பி அனுப்புற பேச்செல்லாம் வேண்டாம்" என்றார்.

ஆட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். நான்கு கை சேர்த்து நாற்காலியை வாசல் வழியாகக் கோணலாகத் திருப்பி உள்ளே கொண்டுவந்தார்கள். நடுக்கூடத்தில் வந்து நின்று, "எங்க வைக்கணும் சார்?" என்று கேட்டார்கள்.

"என்னை ஏன் கேக்குறீங்க? உட்கார்ந்திருக்கிறவங்களைக் கேளுங்க" என்றார் அவர்.

இத்தனை வருஷம் அந்த வீட்டில் நின்றுகொண்டே இருந்தவள் கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். ஆட்களுக்குக் கை கடுத்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

"டிவிக்கு நேரா வைங்கப்பா" என்றாள் அண்ணி. "நடுவுல."